மேலே அடித்த எண்

அந்தப் பட்டறையில் படத்திலிருக்கிற கோட்டை யாரும் நம்புவதில்லை. கோட்டின் பக்கத்தில் போட்ட எண்ணைத்தான் நம்புவார்கள்.

மாவு ஆலைகளுக்கும் தீவன ஆலைகளுக்கும் இரும்புத் தகட்டில் தொட்டி செய்கிற பட்டறை அது. மேலே உருளை, கீழே புனல் மாதிரிக் கூம்பு, கூம்பின் வாயில் ஒரு வளையம், வளையத்தைச் சுற்றி போல்ட் போட ஓட்டைகள். வருஷக்கணக்காக அதே தொட்டிதான். ஆனால் வாங்குகிறவன் ஒவ்வொருத்தனும் ஒவ்வொரு அளவு கேட்பான். ஒருத்தனுக்கு வாய் கொஞ்சம் அகலம், இன்னொருத்தனுக்குக் கழுத்து கொஞ்சம் உயரம். ஒவ்வொரு தடவையும் முதலிலிருந்து வரைய யாருக்கு நேரம்? மாடியில் படம் வரைகிறவர்கள் போன தடவை வரைந்ததையே கம்ப்யூட்டரில் நகல் எடுத்து, அதிலிருக்கிற எண்ணைத் தட்டி, அதன் மேல் புது எண்ணை அடித்துவிடுவார்கள். கோடு பழைய கோடுதான். எண் மட்டும் புதுசு. 'மேலே அடிக்கிறது' என்று அதற்குப் பெயர்.

அதனால் கீழே ஒன்றும் குடி முழுகிப் போகவில்லை. சாக்பீஸும் டேப்புமாக நிற்கிறவன் எண்ணைப் படிப்பான், தகட்டில் குறிப்பான், கேஸ் வைத்து வெட்டுவான். புதிதாகச் சேர்ந்த எவனாவது படத்தின் மேல் ஸ்கேலை வைத்துப் பார்த்தால் மற்றவர்கள் சிரிப்பார்கள்.

"டேய், படத்த அளக்காத. போட்டிருக்கறதப் படி."

அவ்வளவுதான் அங்கே படிப்பு.

அந்தப் படங்களில் பாதிக்கு மேல் அவள் வரைந்தவை. கல்யாணத்துக்கு முன்னாலேயே அங்கே வேலைக்குச் சேர்ந்தவள். வரைந்த படத்தைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போடுகிறவர் ஒருவர் இருந்தார். செக்கர் என்றுதான் எல்லாரும் கூப்பிடுவார்கள். அவர் அவளிடம் முதன்முதலாகப் பேசிய பேச்சே இதுதான்: "லாரி வந்து நிக்குது. நீ என்னடான்னா ஓவியம் வரைஞ்சிட்டிருக்க. மேலே அடிச்சு அனுப்பும்மா." பிற்பாடு அந்தச் செக்கரே அவளைக் கட்டிக்கொண்டார். ஆபீசில் அவள் அவரை 'சார்' என்றாள், வீட்டில் 'ஏங்க' என்றாள், மனசுக்குள் கடைசிவரை செக்கர் என்றே சொல்லிக்கொண்டாள்.

மகள் பிறந்தும் அவள் வேலையை விடவில்லை. விட்டது மாமனார் விழுந்தபோது. ஒரு காலையில் குளியலறையில் விழுந்தார், ஒரு பக்கம் இழுத்துக்கொண்டது. யாராவது ஒருத்தர் வீட்டில் இருக்க வேண்டும். செக்கருக்கு உத்தியோகம். கூடவே இருந்த அவர் தம்பி, சின்னவன், அப்போதுதான் அதே பட்டறையில் தகடு வெட்டச் சேர்ந்திருந்தான். இரண்டு ஆம்பளைகளும் அவளைப் பார்த்தார்கள். வேலையை விடு என்று யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் முடியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

கிழவர் சீக்கிரம் போகிற ரகமில்லை. புரட்டிப் போட்டு, துடைத்து, வாயைத் துடைத்து, திட்டு வாங்கி, அவள் கைமூட்டு இரண்டும் தேய்ந்தன. அவர் செத்துப்போன வருஷமே மகளும் வெளியூர் விடுதிக்குப் படிக்கப் போய்விட்டாள். வீட்டில் அவளும் ஜன்னல்களும் மிச்சம்.

அந்தச் சமயத்தில்தான் கம்பெனி புது சாப்ட்வேர் வாங்கியது. பழசை விற்ற கம்பெனியே கடையை மூடிவிட்டது. புதுக் கம்ப்யூட்டர்களில் அது ஓடாது. செக்கர் பழகிக்கொள்ள ஒரு லேப்டாப்பை வீட்டுக்கு எடுத்து வந்தார். சாப்பாட்டு மேசையில் வைத்தார். இரண்டு நாள் முறைத்துப் பார்த்தார். மூன்றாம் நாள் அதன் மேல் செய்தித்தாள் கிடந்தது.

அவள் எடுத்து உட்கார்ந்தாள். ஒரு கையில் வெங்காயம் உரித்த வாசனை, மறு கையில் மவுஸ். ஆரம்பத்தில் அழுகையாக வந்தது, அது வெங்காயமில்லை. பழக்கமான ஒரு கட்டளையும் பழக்கமான இடத்தில் இல்லை. பிறகு பிடிபட்டது. பழைய சாப்ட்வேரில் கோடு வேறு, எண் வேறு. புதியதில் எண்ணை மாற்றினால் கோடு தானாக நகர்ந்து அந்த அளவுக்கு வந்து நிற்கும். அதை முதலில் பார்த்தபோது தனியாக உட்கார்ந்து சத்தமாகச் சிரித்தாள்.

"என்ன சிரிப்பு?" என்றார் செக்கர் உள்ளிருந்து.

"ஒண்ணுமில்லீங்க. பொய் சொல்லவே விடமாட்டேங்குது இது."

"எது?"

"இந்த சாப்ட்வேர்."

"அப்ப அது நம்ம கம்பெனில ரொம்ப நாள் ஓடாது" என்றார் அவர். அந்த வீட்டில் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

பழைய படங்களை எல்லாம் புதுசுக்கு மாற்ற வேண்டும். அலமாரி அலமாரியாக இருந்த காலம் போய் ஒரு கம்ப்யூட்டர் டப்பாவுக்குள் ஆயிரக்கணக்கில் கிடந்தன. ஆள் வேண்டும். மேனேஜர்தான் கேட்டார்: "ஏம்ப்பா செக்கர், உங்க வீட்டம்மா நல்லா வரைவாங்களே, சும்மாதான இருக்காங்க?"

சும்மாதான் இருக்கிறாள் என்று செக்கர் ஒப்புக்கொண்டார்.

மேனேஜர் அவளை நாற்காலியில் உட்காரவைத்து நேரடியாகச் சொன்னார். "தற்காலிகம்தாம்மா இப்போதைக்கு. இந்த மாத்தற வேலைய ஒழுங்கா முடிச்சுக் குடுங்க. பிரச்சினையில்லாம முடிஞ்சா அதே சீட்ல நிரந்தரம் பண்ணிடறேன். என் பொறுப்பு."

வீட்டுக்கு வரும் வழியில் ஒரு தோல் பை வாங்கினாள். டிபன் டப்பாவும் குடையும் வைக்கிற மாதிரி. அவ்வளவு வயசுக்கு மேல் தனக்கென்று கடையில் நின்று பேரம் பேசியதில் அவளுக்கே வெட்கமாக இருந்தது.

மழைக்காலம். மாடி ஆபீஸுக்கு இரும்புப் படி. கூரைத் தகட்டில் மழை விழுந்தால் பக்கத்து மேசைக்காரர் பேசுவது கேட்காது. ஜன்னல் வழியாகக் கீழே பட்டறை தெரியும்: வெல்டிங் பொறி, தேங்கிய தண்ணீர், நனைந்த தகடுகளில் ஒரே ராத்திரியில் பூத்த துரு. நடுவில் புதிதாக வந்த வெட்டும் மெஷின். அதன் பக்கத்தில் சின்னவன், காதில் பஞ்சு வைத்துக்கொண்டு. அந்த மெஷினுக்கு சாக்பீஸ் வேண்டாம், டேப் வேண்டாம். மாடியிலிருந்து வருகிற பைலை வாங்கி, அதிலிருக்கிற கோட்டின் மேலேயே நெருப்பை ஓட்டிக்கொண்டு போகும். எண்ணைப் படிக்கிற வழக்கம் அதற்கு இல்லை.

முதல் பழைய படத்தைப் புதியதில் திறந்தாள். உடம்பெல்லாம் அம்மை போட்ட மாதிரி சிவப்பு. புது சாப்ட்வேர் ஒவ்வொரு கோட்டையும் தானே அளந்து பார்க்கிறது. மேலே அடித்த எண் கோட்டோடு ஒத்துப்போகாவிட்டால் சிவப்பில் காட்டுகிறது.

சாப்ட்வேர் விற்றவர்கள் அனுப்பியிருந்த பயிற்சிக்காரப் பெண் எட்டிப் பார்த்தாள். "ஐயோ, என்னக்கா இது? இவ்ளோ சிவப்பு நான் எந்தக் கம்பெனிலயும் பாத்ததில்ல."

"எங்க ஆளுங்க அவ்ளோ சுறுசுறுப்பும்மா."

"எது சரி? கோடா, நம்பரா?"

"நம்பர். எப்பவும் நம்பர்தான்."

"அப்ப ஒவ்வொண்ணா கோட்ட நகர்த்தணும்க்கா. வேற வழியில்ல."

வேறு வழி இல்லாதது அவளுக்குப் பிடித்திருந்தது. ஒரு சிவப்பு, ஒரு தட்டு, எண்ணைப் பார், கோட்டை அதற்குக் கொண்டு வா, சிவப்பு போகும். அடுத்தது. வளையத்தை இழுத்தால் ஓட்டைகள் சுற்றி நகர்ந்தன, கூம்பு விரிந்தது. பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒரு மதியம் அவசரத்தில் தான் அடித்த எண் ஒன்றைப் பார்க்கும்போது அன்றைக்கு என்ன மழை, யார் கத்தினார்கள் என்பதெல்லாம் ஞாபகம் வந்தது. மெதுவாகத்தான் போனது. ஆனால் போனது ஒவ்வொன்றும் சுத்தமாகப் போனது.

மெதுவு மேனேஜருக்குப் பிடிக்கவில்லை. முதலாளிக்குத் தினமும் சாயங்காலம் எத்தனை படம் மாறியது, எத்தனை சிவப்பு பாக்கி என்று சொல்ல வேண்டும். சிவப்பு குறைகிற வேகத்தைப் பார்த்தால் அடுத்த மழைக்காலம் ஆகும்.

செக்கர் அவள் மேசைக்கு வந்து குனிந்தார். "செட்டிங்ல ஒண்ணு இருக்கே, பாத்தியா?"

"எது சார்?"

"'கோட்டை அளந்து எண் போடு'ன்னு. அத டிக் பண்ணிட்டா மொத்தமா ஒரே ஓட்டத்துல மாத்திடுது. ஒரு சிவப்பு இல்ல."

அவள் திரும்பினாள். "சார், அது சிவப்ப எடுக்கல. எண்ண எடுக்குது. நாம மேலே அடிச்சதெல்லாம் தூக்கிப் போட்டுட்டு, கோடு என்ன நீளமோ அத எண்ணாப் போடும். அந்தக் கோடு யாரோ எப்பவோ எவனுக்கோ வரைஞ்ச கோடு."

"தெரியும். எனக்குப் பாடம் நடத்தாத."

"அப்புறம் எது சரி எது தப்புன்னு கண்ணால பாத்துத் தெரியாது. இப்பவாவது சிவப்பா இருக்கு."

"ஆர்டர் வர்ற படத்த மட்டும் பழைய கம்ப்யூட்டர்ல தொறந்து ஒத்துப் பாத்துக்கலாம். பழசு எங்க ஓடிப்போகுது?"

"யாரு பாக்கறது?"

"நான்தான் செக்கர். நான் பாக்கறேன்."

"வேண்டாங்க" என்றாள். ஆபீசில் 'ங்க' வந்துவிட்டது. பக்கத்து மேசை நிமிர்ந்து பார்த்தது. அவர் முகம் இறுகி, "சாப்பிடப் போ" என்றார்.

அவள் டிபன் டப்பாவைக் கழுவிக்கொண்டு திரும்பி வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. திரை முழுக்க வெள்ளையும் கறுப்பும், துடைத்து வைத்த தரை மாதிரி. மேனேஜர் செக்கரின் தோளைத் தட்டிக்கொண்டிருந்தார். "இத முதல்லயே பண்ணியிருக்கலாமேப்பா! வீட்டம்மாகிட்ட விட்டா உப்பு புளி பாத்துப் பாத்துத்தான போடுவாங்க." எல்லாரும் சிரித்தார்கள். டீ வந்தது.

அதற்குப் பிறகும் அவள் விடவில்லை. பழைய கம்ப்யூட்டரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பழசில் எண்ணைப் பார்த்து, புதியதில் கோட்டை நகர்த்திக்கொண்டு முதலிலிருந்து வந்தாள். செக்கர் கண்டும் காணாமல் இருந்தார். அவள் ஒரு பக்கத்திலிருந்து வந்துகொண்டிருக்கையில் ஆர்டர் இன்னொரு பக்கத்திலிருந்து வந்தது. ஒரு மாவு ஆலை. முன்னே வாங்கியது மாதிரியே இன்னும் சில தொட்டிகள், அவசரம். செக்கர் படத்தை எடுத்தார், ஒத்துப் பார்க்கிறேன் என்று சொன்னவர் பார்க்கவில்லை, கீழே அனுப்பினார். சின்னவன் மெஷினில் ஏற்றினான். மெஷின் கோட்டின் மேல் அழகாகப் போனது.

வளைத்து, வெல்டிங் வைத்து, பெயின்ட் அடித்து, லாரியில் ஏற்றி, மழையில் அங்கே கொண்டுபோய் இறக்கி, ஆலையில் ஏற்கெனவே இருக்கிற குழாயோடு சேர்த்துப் பூட்டப் போனபோதுதான் தெரிந்தது. வாய் சின்னது. ஓட்டைக்கு ஓட்டை சேரவில்லை. எல்லாத் தொட்டியும் அப்படியே.

மேனேஜர் அறையில் நான்கு பேர். மேனேஜர் உட்கார்ந்திருந்தார், மற்ற மூவரும் ஒரே வீட்டிலிருந்து வந்தவர்கள், நின்றார்கள்.

மேனேஜர் முதலில் பாய்ந்தது சின்னவன் மேல். "எந்த பைல ஏத்தின நீ?"

"மேல இருந்து குடுத்த பைலுதான் சார்."

"வெட்டறதுக்கு முன்னாடி ஒரு தடவ அளந்து பாத்தா கை தேஞ்சிடுமா? கண்ணு எங்க இருந்துச்சு? கல்யாணக் கனவா? நிச்சயம் பண்ண பொண்ணுகிட்டப் போய் வேலை போச்சுன்னு சொல்லிக்கிறியா?"

சின்னவன் கையிலிருந்த கையுறையைப் பிசைந்தான். அவனுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது எல்லாருக்கும் தெரியும். அவன் அண்ணனைப் பார்த்தான்.

செக்கர் தொண்டையைச் செருமினார். "அவன் மேல தப்பில்ல சார். குடுத்ததத்தான் வெட்டியிருக்கான். தப்பு மூலப்படத்துல. வரையும்போதே கோடு தப்பு."

"யாரு வரைஞ்சது?"

செக்கர் லேப்டாப்பை மேனேஜர் பக்கம் திருப்பினார். படத்தின் கீழ்மூலைக் கட்டத்தில் 'வரைந்தவர்' என்ற இடத்தில் அவளுடைய பெயரின் முதல் எழுத்துகள் இருந்தன. பழைய படத்தில் அதற்குப் பக்கத்திலேயே 'சரிபார்த்தவர்' என்று ஒரு கட்டம் உண்டு, அதில் அவருடைய எழுத்துகள். புது சாப்ட்வேரின் கட்டத்தில் அந்த இடமே கிடையாது. மாற்றும்போது அவர் உதிர்ந்துவிட்டார், அவள் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டாள்.

மேனேஜர் அவளைப் பார்த்தார். "நீங்க வரைஞ்சதாம்மா இது?"

"ஆமா சார்."

"கோடு தப்பா இருக்கே."

"கோடு பழசு சார். மேலே அடிச்ச எண் சரியா இருந்துச்சு. அந்த எண் இப்ப இதுல இல்ல. ஒரே ஓட்டமா மாத்தினப்ப போயிடுச்சு. பழைய கம்ப்யூட்டர்ல இருக்கு, வாங்க, இப்பவே தொறந்து காட்டறேன்."

"பாத்து நான் என்னம்மா பண்ணப் போறேன்?"

"ஒரே ஓட்டமா மாத்த வேண்டாம்னு நான் சொன்னேன் சார். இவர்தான்..." அவள் கையை நீட்டவில்லை. நீட்ட வேண்டிய தூரத்தில் அவர் இல்லை, தோள் உரசுகிற தூரத்தில் நின்றார். "மேலே அடிக்கச் சொன்னதும் இவர்தான், அப்பவே. இங்க எல்லாருக்கும் தெரியும்."

செக்கர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மேனேஜர் கண்களை மூடித் திறந்தார். அவருக்கும் தெரியும். அந்தப் பட்டறையில் அவரும் ஒரு காலத்தில் லாரிக்காக நின்று கத்தியவர்தான். "ஏம்ப்பா" என்றார் சின்னவனிடம், "நீ சொல்லு. மேலே அடிக்கிற வழக்கம் உண்டா இங்க?"

எண்ணைப் படித்துச் சாக்பீஸால் குறித்து வளர்ந்தவன் அவன். அண்ணி மேலே அடித்த எண்களைப் படித்துத்தான் தொழில் பழகினான்.

"எனக்குத் தெரியாது சார். மெஷினுக்கு வர்றத வெட்டுவேன். அவ்வளவுதான்."

"தம்பி" என்றாள் அவள்.

அவன் கையுறையைப் பார்த்தான்.

"இங்க பாருங்கம்மா" என்றார் மேனேஜர், குரலை இறக்கி, மரியாதையாகவே. "மேல முதலாளிகிட்ட நான் ஒரு பேரச் சொல்லணும். வீட்டுச் சண்டைய ஆபீசுக்குக் கொண்டு வராதீங்க. நீங்க வேற தற்காலிகம். நாளைலேர்ந்து வர வேண்டாம். இவங்க ரெண்டு பேரும் போய் அந்தத் தொட்டிய என்ன பண்றதுன்னு பாக்கட்டும்."

அன்றைக்கு மாலை அவள் சமைத்தாள். சமைக்காமல் இருந்திருக்கலாம். பசித்தது, சமைத்தாள். சோறு, முட்டை. மூவரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மழை நின்று கூரையிலிருந்து சொட்டிக்கொண்டிருந்தது.

"இப்படி மூஞ்சியத் தூக்கி வெச்சிட்டிருந்தா எப்படி?" என்றார் செக்கர். "யோசிச்சுப் பாரு. அவன் பேரச் சொன்னா கல்யாணம் நிக்கும். என் பேரச் சொன்னா என் சர்வீஸ் மொத்தமும் போகும். வீட்டுக்கு விளக்கேத்த ஆள் வேணாமா? உனக்கு என்ன போச்சு? நீ நிரந்தரமா? ஏதோ பொழுதுபோக்கா வந்த."

"பொழுதுபோக்கு."

"சரி, பொழுதுபோக்குன்னு சொல்லல. ஆனா உன்னால தாங்க முடியும். அதத்தான் சொல்றேன்."

"என்னால தாங்க முடியும்னு யாருங்க அளந்து பாத்தது?"

"ஆரம்பிச்சிட்டா" என்றார் செக்கர் தம்பியிடம்.

சின்னவன் தட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னான். "அண்ணி, நான் என்ன அண்ணி பண்ணட்டும்? அண்ணன் முன்னாடி நிக்கறாரு. என்னாலயா சொல்ல முடியும்?"

"உங்க அண்ணன் முன்னாடி உன்னால சொல்ல முடியாது. என் முன்னாடி சொல்ல முடிஞ்சுதே, தெரியாதுன்னு."

அவன் இன்னொரு முட்டை இருக்கிறதா என்று பாத்திரத்தைப் பார்த்தான். இருந்தது. எடுத்துக்கொண்டான். அவளுக்கு அதுதான் வெகுநாள் மறக்கவில்லை. பொய் சொன்னதைக்கூட மன்னித்துவிடுவாள் போலிருந்தது, அந்த முட்டையை முடியவில்லை.

அவள் வேறு இடம் பார்த்தாள். ஆற்றுப் பாலத்துக்கு அந்தப் பக்கம் புகைபோக்கியும் காற்றுக்குழாயும் செய்கிற சின்னப் பட்டறை ஒன்று. முதலாளியே உட்கார்ந்து படம் பார்க்கிற இடம். புது சாப்ட்வேர் தெரியுமா என்று கேட்டார். தெரியும் என்றாள். ஒரு முழங்கைக் குழாயை வரையச் சொன்னார். அவள் வரைந்து, எண்ணை மாற்றி, குழாய் தானாக வளைந்து நீள்வதைக் காட்டினாள். அவர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொரு தடவ பண்ணுங்க" என்றார், பொம்மை பார்க்கிற மாதிரி. "எங்க இருந்தீங்க இத்தன நாளா?"

சொன்னாள். சொல்லாமல் இருக்க முடியாது.

"விசாரிச்சிட்டுக் கூப்பிடறேம்மா."

இரண்டு நாள் கழித்து அவளே கூப்பிட்டாள். அந்தக் குரல் அதே குரல்தான், நாற்காலி மட்டும் தள்ளிப் போயிருந்தது. "அங்க ஏதோ அளவு தப்பாகி பெரிய நஷ்டமாமே? உங்க படமாமே? உங்க வீட்டுக்காரரே சொல்றாராமே? தப்பா நெனச்சுக்காதீங்க. நாங்க சின்னக் கம்பெனி. ஒரு தப்பத் தாங்க மாட்டோம்."

அவள் போனை வைத்துவிட்டு, தோல் பையிலிருந்து குடையை எடுத்து ஆணியில் மாட்டினாள். பையில் ரேஷன் அரிசி போட்டு வைக்க முடியாது, சின்னது. பரண் மேல் ஏற்றினாள்.

ஞாயிற்றுக்கிழமை மதியம். வெயில் வந்திருந்தது, துணி எல்லாம் காய்ந்து விறைத்துக்கொண்டிருந்தது. செக்கர் லேப்டாப்பைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் வைத்தார். திறந்தார். திரை முழுக்கச் சிவப்பு.

"பழைய பைல மறுபடி ஏத்தியிருக்கேன்" என்றார். "அந்த டிக்க எடுத்துட்டேன். நீ சொன்ன மாதிரியே."

அவள் மடித்துக்கொண்டிருந்த போர்வையை மடித்தாள்.

"மாவு ஆலைக்கு மறுபடி செஞ்சு குடுக்கணும். அது கூடவே இன்னும் நாலஞ்சு ஆர்டர் நிக்குது. நாளைக்குக் காலைல மெஷின்ல ஏத்தியாகணும். ஒவ்வொண்ணா உக்காந்து பாக்கணும், உனக்குத்தான் கை வரும். என் லாகின்ல போட்டு வெச்சிருக்கேன். நீ பண்றது யாருக்கும் தெரிய வேண்டாம். மேனேஜருக்குத் தெரியும், அவரே சொன்னாரு, வீட்ல வெச்சு முடிச்சிட்டு வாப்பான்னு."

"மேனேஜரே சொன்னாரா?"

"ஆமா. உன் வேலை சுத்தம்னு அவருக்குத் தெரியாதா என்ன?"

அவள் போர்வையை வைத்துவிட்டு நிமிர்ந்தாள். "என் வேலை சுத்தம்னு அவருக்குத் தெரியும்."

"தெரியும்மா. எல்லாருக்கும் தெரியும்."

"சரி" என்றாள். செக்கர் நாற்காலியை அவளுக்காக இழுத்துப் போட்டார். அவள் உட்காரவில்லை. "நான் பண்ண மாட்டேன்."

"வெளயாடாத. நாளைக்குக் காலைல வேணும்."

"நீங்கதான செக்கர். நீங்க பாருங்க."

"எனக்கு இது ஓடாதுன்னு உனக்குத் தெரியும்."

"எனக்குத் தெரியும். மேனேஜருக்குத் தெரியுமா?"

சின்னவன் உள்ளறையிலிருந்து வந்தான். தலை துவட்டிய துண்டு தோளில் கிடந்தது. வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறான். "அண்ணி. அண்ணன் மேல கோவம் இருக்கட்டும். நாளைக்கு வெட்டப் போறவன் நான். மறுபடி தப்பா வெட்டினா இந்தத் தடவ நேரா என் தலைதான். கல்யாணத்துக்கு மண்டபம் பாத்தாச்சு அண்ணி. உங்க கால்ல வேணா விழறேன்."

"விழாத. தரை ஈரம்."

"சின்னப் பையன்டி அவன்" என்றார் செக்கர். "அவன் முகத்துக்காகவாவது பண்ணு. ஒரு மதியம்தான். உனக்குப் பிடிச்ச வேலைதான?"

பிடித்த வேலைதான். அந்தத் திரையை அவள் அங்கிருந்தே பார்த்தாள். வலது ஓரத்து வளையத்தை முதலில் எடுக்க வேண்டும், அதைச் சரி செய்தால் ஓட்டைகள் பாதி தானாகவே சரியாகும். இவர்கள் கூம்பிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஆரம்பித்தால் எல்லாம் இழுத்துக்கொண்டு போகும்.

"இங்க பாரு தம்பி" என்றாள். "நாளைக்குத் தப்பா வெட்டினா யாரு பேரச் சொல்றதுன்னு அண்ணனும் தம்பியும் இப்பவே உக்காந்து பேசி வெச்சுக்கங்க. போன தடவ நான் இருந்தேன். இந்தத் தடவ நான் இல்ல. ரெண்டு பேருதான் இருக்கீங்க."

சின்னவன் அண்ணனைப் பார்த்தான். செக்கர் தம்பியைப் பார்த்தார். ஒரு நிமிஷம் அந்த வீட்டில் யாரும் அவளைப் பார்க்கவில்லை.

அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். மாமனார் கிடந்த அறை. கட்டில் அவருடையதுதான். படுத்தாள்.

வெளியே நாற்காலி இழுபட்டது. "கண்ணாடி எங்கடா?" "இங்கதான இருந்துச்சு." "இத எங்க தட்டறது?" "எனக்கென்ன அண்ணே தெரியும், நான் வெட்டறவன்." "மவுஸ இப்படிக் குடு." டிங் என்றது. தப்பான இடத்தில் தட்டினால் வருகிற சத்தம். திரும்ப டிங். "நீ குடுக்கற பைலத்தான நான் வெட்டறேன், ஒழுங்காக் குடு." "யாரப் பாத்துப் பேசற?" "உன்னத்தான் அண்ணே. அன்னிக்கே ஒழுங்காப் பாத்திருந்தா..." "வாய மூடு." டிங்.

கூம்பிலிருந்துதான் ஆரம்பித்திருக்கிறார்கள்.

இதைக் கேட்டால் சந்தோஷமாக இருக்கும் என்று நினைத்துத்தான் அவள் கதவைச் சாத்தினாள். இல்லை. அந்த வேலையை அவள்தான் செய்ய வேண்டும். நன்றாகச் செய்வாள். யாருக்காகவும் இல்லாமல், சிவப்பு போவதைப் பார்க்கவே செய்வாள். இனி எந்த மேசையிலும் அதை யாரும் அவளுக்குத் தரப் போவதில்லை. தருகிற ஒரே மேசை கதவுக்கு அந்தப் பக்கம் இருந்தது, அதுவும் வேறொருத்தன் பெயரில்.

டிங் என்றது. இப்போது யாரோ மேசையை ஓங்கித் தட்டினார்கள்.

அவள் எழுந்து தாழ்ப்பாளையும் போட்டாள்.